வானலையில் வினாவும் விடையும்

வினாவுக்கும் விடைக்கும் இலக்கணம் கண்ட மொழி தமிழ். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே செப்பையும் வினாவையும் பற்றிப் பேசினார். பின்வந்த பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். ஆசிரியர் தாம் அறிந்த ஒன்றை மாணாக்கனிடம் கேட்பது அறிவினா. மாணாக்கன் தான் அறியாததை ஆசிரியரிடம் கேட்பது அறியாவினா. ஐயந்தீரக் கேட்பது ஐயவினா. வாங்கும் கருத்தோடு வணிகரிடம் கேட்பது கொளல்வினா. இல்லாதவர்க்கு ஈயும் கருத்தோடு கேட்பது கொடைவினா. ஒரு செயலைச் செய்யுமாறு தூண்டுவதற்காகக் கேட்பது ஏவல்வினா. இப்பகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. கேள்வியில் அமைந்த சொற்களைக் கொண்டு பவணந்தியார் வினாவை வகைப்படுத்தவில்லை. கேட்பவர் எந்நிலையில் நின்று, எக்கருத்தோடு கேட்கிறார் என்பதைக் கொண்டே வகைப்படுத்தினார். ‘நெல் விளைந்ததா?’ என்னும் ஒரே கேள்வி வேளாண்மை அலுவலர் வாயில் ஒன்றாகவும், கடன் கொடுத்தவர் வாயில் வேறொன்றாகவும், பக்கத்து வயற்காரர் வாயில் மற்றொன்றாகவும் பொருள்படும்.

வானொலியில் நிகழும் நேர்காணலும் வினாவும் விடையுமே. இந்திய மண்ணில் வானொலி ஒலிக்கத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. இந்த நூறாண்டில் ஊரைப் பற்றியும், பொருளைப் பற்றியும், அரசைப் பற்றியும் மக்களிடம் வானொலி கேட்ட கேள்விகள் எவ்வகையின என்று எண்ணிப் பார்த்தால், அது ஒலிபரப்பின் வரலாறாக மட்டும் நில்லாது. யாருக்குக் கேட்கும் உரிமை இருந்தது, யாருக்கு விடை சொல்லும் கடமை மட்டும் இருந்தது என்பதன் வரலாறாகவும் விரியும்.

கடற்கரை ஒலிபெருக்கி

தமிழ்நாட்டில் வானொலி, அரசின் கொடையாக வந்ததன்று. 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் அதன் ஒலிபரப்பு தொடங்கியது. ஆர்வலர் சிலர் கூடி நடத்திய அக்கழகம் மூன்றே ஆண்டுகளில், 1927இல், பணமின்மையால் மூடப்பட்டது. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலரே ஆதலின், மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. மாலையில் காற்று வாங்க வந்தோர் மணலில் அமர்ந்து இசை கேட்டனர்.

தில்லியின் பொறுப்பில் வருமுன் சென்னை வானொலி ஒரு நகராட்சியின் பொறுப்பில் இருந்தது என்பது ஈண்டு கருதத்தக்கது. குடிநீரும் தெருவிளக்கும் போல வானொலியும் ஓர் ஊரின் பொதுச்சொத்தாக இருந்த காலம் அது. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதும் அந்தக் காலம் முடிந்தது. மறு ஆண்டு மே 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி நிலையம் தொடங்கியது. ஆற்றல் மிக்க கருவிகளும், பயின்ற கலைஞரும், ஒழுங்கான நிகழ்ச்சிகளும் வந்தன. இலக்கியமும் இசையும் பெரும்பயன் பெற்றன. ஆயினும் ஊர் தன் குரலைத் தானே ஒலிபரப்பும் வாய்ப்பு அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கிட்டவில்லை. மாநகராட்சிக் காலத்திலும் மணலில் இருந்தவர் கேட்பவரே, பேசுபவர் அல்லர். அக்காலம் ஊருக்கு வானொலியைத் தந்தது. ஊரின் வாய்க்கு வானொலியைத் தந்ததன்று.

புனேயில் ஒரு சோதனை

கேட்பவரையும் பேசவைக்க இயலுமா என்னும் சோதனை 1956இல் நிகழ்ந்தது. கனடா நாட்டில் 1941 முதல் நடந்துவந்த பண்ணை வானொலி மன்றங்களை முன்மாதிரியாகக் கொண்டு, யுனெஸ்கோவின் துணையோடு, அன்றைய பம்பாய் மாநிலத்தில் புனே, அகமதுநகர், நாசிக், வட சதாரா, கோலாப்பூர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் 150 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வோர் ஊரிலும் ஏறத்தாழ இருபது பேர் கொண்ட மன்றம் அமைக்கப்பட்டது. பத்து வாரங்கள், வாரம் இருமுறை, அரைமணி நேரம் மராத்தி மொழியில் நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. கேட்டு முடித்ததும் மன்றத்தார் அதனைப் பற்றி விவாதித்தனர். எழுந்த ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பினர். அடுத்து வந்த நிகழ்ச்சிகளில் அவற்றுக்கு விடை கூறப்பட்டது. கேள், விவாதி, செயற்படு என்பதே மன்றங்களின் நெறியாக இருந்தது.

இச்சோதனையின் பயனை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் சார்பில் பால் நியூராத் என்னும் சமூகவியல் அறிஞர் ஆராய்ந்தார். மன்றம் இல்லாத ஊர்களில் வானொலி கேட்டோரைக் காட்டிலும், மன்றம் அமைந்த ஊர்களில் கேட்டு விவாதித்தோர் பன்மடங்கு அறிவு பெற்றிருந்தமை தெரியவந்தது. மன்றமே ஊர் வாழ்வின் ஒரு புதிய அமைப்பாக வேரூன்றத் தொடங்கியதையும் அவர் கண்டார். ஒலிபரப்பு இரு ஊர்களுக்கும் ஒன்றே. ஒன்றில் கேள்வி கேட்க இடம் இருந்தது, மற்றொன்றில் இல்லை. வேறுபாடு அதனால் விளைந்தது. பவணந்தியார் மொழியில் சொன்னால், ஐயவினாவுக்கு அங்கே முதன்முறையாக வழி திறந்தது.

1959இல் இம்மன்றங்கள் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டன. எண்ணிக்கை பெருகியது, உயிர் குறைந்தது. மன்றத்தார் அனுப்பும் கேள்விகளுக்கு விடை தருவதற்குத் தனி ஆளும் நேரமும் வேண்டும். 150 ஊர்களுக்கு இயன்ற அந்தப் பணி, ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு இயலவில்லை. விடை வராத கேள்வியை எத்தனை முறை ஒருவர் கேட்பார்?

ரேடியோ நெல்

தமிழ்நாட்டில் வானொலியும் உழவும் கலந்த கதைக்குத் தஞ்சைத் தரணியே சான்று. 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல்லாக ஆடுதுறை 27 அறிமுகமானபோது, திருச்சி வானொலி அதன் சாகுபடி முறையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. விதைநேர்த்தி, உரம், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றை வல்லுநர் விளக்கினர். பயிரிட்டுப் பார்த்த உழவர் பேட்டி அளித்தனர். அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கிற்று. ஒரு பயிர் தான் பிறந்த ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை விட்டுத் தன்னைப் பரப்பிய கருவியின் பெயரைப் பெற்றதென்றால், வானொலிப் பேச்சின் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எனினும் அந்தப் பேட்டிகளின் தன்மையை நோக்குதல் வேண்டும். ‘எத்தனை மூட்டை கண்டது? பழைய நெல்லைக் காட்டிலும் கூடுதலா?’ என்னும் கேள்விகளுக்கு விடை முன்னரே தெரிந்திருந்தது; கேட்டவரின் கருத்து மற்ற உழவரையும் அந்நெல்லுக்கு மாற்றுவது. ஆகவே அவை வடிவத்தால் அறியாவினாவாகவும், பொருளால் ஏவல்வினாவாகவும் அமைந்தன. இதைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. அரிசிக்கு வெளிநாட்டை எதிர்பார்த்து நின்ற காலம் அது. விளைச்சல் பெருகவேண்டிய தேவை உண்மையானது. ஆயின் விளைந்த நெல்லுக்கு விலை போதுமா, உரத்துக்கு வாங்கிய கடன் தீர்ந்ததா, கூலி ஆளுக்கு உயர்ந்த விளைச்சலில் பங்கு கிடைத்ததா என்பனவும் கேள்விகளே. கூலி பற்றிய அந்தக் கேள்வி தஞ்சை மண்ணில் எத்துணைக் கொடிய முடிவைக் கண்டது என்பதை 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் எரிந்த குடிசை உலகுக்கு உரைத்தது. நாற்பத்து நான்கு உயிர்கள் அதில் மாண்டன. விளைச்சலைப் பற்றிய பேச்சு வானலையில் இருந்தது. விளைச்சலின் பங்கைப் பற்றிய பேச்சு வயல்வெளியில் இருந்தது. இரண்டும் ஒரே மேடையில் சந்திக்கவில்லை.

அரசின் கையில் இருந்த வானொலியின் வரம்பு 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடிநிலையில் அனைவருக்கும் புலப்பட்டது. அதன்பின் 1978இல் வர்கீஸ் குழு தன்னாட்சி அமைப்பொன்றைப் பரிந்துரைத்தது. 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. அமைப்பு நிறுவப்பட்டதோ 1997இல். சட்டம் ஆகியும் ஏழாண்டு காத்திருந்த தன்னாட்சி அது.

அலை யாருடையது?

இதற்கிடையே, 1995ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை குறித்து எழுந்த வழக்கு அது. நீதியரசர் பி. பி. சாவந்த் உள்ளிட்டோர் அளித்த அத்தீர்ப்பு, வானலைகள் பொதுச்சொத்து என்றும், அவற்றைப் பொது நலனுக்காகப் பயன்படுத்தல் வேண்டும் என்றும் உரைத்தது. விளையாட்டைப் பற்றிப் பிறந்த வழக்கு, பேச்சுரிமையின் எல்லையை அகலப்படுத்தியது. ஊர் வானொலி வேண்டுமென்று கேட்டுவந்தோர்க்கு இத்தீர்ப்பு ஊன்றுகோல் ஆயிற்று. 1996இல் பெங்களூரிலும் 2000இல் பஸ்தாபூரிலும் கூடிய ஆர்வலர் கூட்டங்கள், இலாப நோக்கற்ற மக்கள் வானொலிக்கு உரிமம் வேண்டுமென்று அறிக்கை விடுத்தன.

அரசு ஏலம் விட்டுப் பண்பலை உரிமங்களை முதலில் தனியார் நிறுவனங்களுக்குத் தந்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. அவ்வழியில் 2004ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006ஆம் ஆண்டு நவம்பரில்தான் மக்கள் அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம் என்னும் நெறிமுறை வெளிவந்தது. 100 வாட் ஆற்றல். 30 மீட்டர் உயரக் கோபுரம். நிகழ்ச்சிகளில் பாதியேனும் ஊராரின் பங்கேற்போடு ஊரிலேயே உருவாக வேண்டும். ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் தொலைவு கேட்கும் குரல் அது. மாட்டுவண்டி ஒரு பகலில் சென்று திரும்பும் தொலைவு. ஒருவர் மற்றவரை அறிந்திருக்கக்கூடிய தொலைவும் அதுவே.

சங்கத்தின் குரல்

2008ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தில், ஜகீராபாத் அருகே மச்சனூர் என்னும் சிற்றூரில் ‘சங்கம் ரேடியோ’ ஒலிக்கத் தொடங்கியது. மக்கள் அமைப்பொன்று நடத்தும் இந்தியாவின் முதல் சமுதாய வானொலி இது. தக்காண வளர்ச்சிக் கழகத்தின் கீழ் ஊர்தோறும் அமைந்த பெண்கள் சங்கங்களே இதன் உரிமையாளர். சங்கத்தார் பெரும்பாலும் தலித் உழவுப் பெண்கள். தொடங்கிவைக்க வந்தவர் நீதியரசர் சாவந்த். வானலை பொதுச்சொத்து என்று 1995இல் எழுதிய கை, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அச்சொத்தின் ஒரு சிறு பங்கு அதன் உரிமையாளரிடம் சேர்வதை நேரில் கண்டது. வரலாறு இத்தகைய பொருத்தங்களை அடிக்கடி தருவதில்லை.

உரிமம் கிட்டுமுன்பே அப்பெண்கள் ஒலிப்பதிவு பயின்றிருந்தனர். பதிவு செய்த நாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுவந்தனர். எழுத்தறியாப் பெண்கள் ஒலிவாங்கியைப் பிடித்து, தம் வட்டாரத் தெலுங்கில், தம்மைப் போன்ற பெண்களிடம் கேள்வி கேட்டனர். எந்த விதையை எவ்வளவு காலம் சேமிக்கலாம், வரகோடு எதை ஊடுபயிராக இடலாம், பிள்ளைப்பேற்றுக்குப் பின் எதை உண்ணலாம் என்பன அக்கேள்விகள். கேட்டவர் விடை அறியாதவர். விடை சொன்னவர் அதனை வாழ்ந்து அறிந்தவர். அறியாவினா உரிய இடத்தில் கேட்கப்பட்டது. மாணாக்கர் ஒலிவாங்கியோடு நின்றார்; ஆசிரியர் வயலில் இருந்தார். நன்னூல் கூறும் எண்வகை விடைகளுள் உற்றது உரைத்தல் ஒன்று. தனக்கு நேர்ந்ததைச் சொல்வதே விடையாகும் நிலை அது. அப்பெண்களின் விடைகள் பெரும்பாலும் அவ்வகையின.

அச்சங்கங்கள் 1990களிலேயே ஊர்த் தானிய நிதி ஒன்றை நடத்தின. தரிசு நிலத்தைத் திருத்தக் கடன் பெற்றோர் அதனைத் தானியமாகத் திருப்பித் தந்தனர்; சேர்ந்த சோளம் ஊரின் வறியோர்க்குக் குறைந்த விலையில் வழங்கப்பட்டது. வறியவர் யார் என்பதை அலுவலகம் முடிவு செய்யவில்லை. ஊரார் கூடி, வெளிப்படையாகப் பேசி முடிவு செய்தனர். இங்கே ஊர் எங்கே முடிகிறது, பொருள் எங்கே தொடங்குகிறது, அரசியல் எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்று கோடு கிழிக்க எவராலும் இயலாது. ‘இந்த வீட்டுக்குச் சோளம் வேண்டுமா?’ என்பது கொடைவினா. அதைக் கேட்கும் அதிகாரம் யாருக்கு என்பது அரசியல் வினா.

காசும் காற்றும்

1927இல் சென்னைக் கழகத்தை மூடிய பணமுடை இன்றும் ஊர் வானொலிகளை விட்டபாடில்லை. தொடக்கத்தில் மணிக்கு ஐந்து நிமிடமே விளம்பரத்துக்கு இசைவு இருந்தது. 2012இல் அலைக்கற்றைக்கான ஆண்டுக் கட்டணம் 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது சிறு நிலையங்கள் திகைத்தன. எதிர்ப்பு எழுந்தபின் அவ்வுயர்வு திரும்பப் பெறப்பட்டது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த திருத்திய நெறிமுறை விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாகவும், பத்து விநாடிக்கான அரசு விளம்பரக் கட்டணத்தை 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்த்தியது. அப்போது நாட்டில் ஏறத்தாழ ஐந்நூறு சமுதாய வானொலிகள் இருந்தன.

அரசு விளம்பரமே பெரும் வருவாயாக அமையும் நிலையத்தில், அரசுத் திட்டத்தைப் பற்றிய நேர்காணல் எவ்வகை வினாவாக இருக்கும்? பணம் கொடுப்பவரின் கேள்வியை ஊராரின் வாயில் வைத்துக் கேட்பதாக முடியலாம். ரேடியோ நெல்லின் ஏவல்வினா வேறு வழியாகத் திரும்பி வரும் இடம் இது. ஊரார் தம் வானொலிக்குத் தாமே ஒரு சிறு தொகையேனும் தரும் ஊர்களில்தான் கேள்வியும் ஊராருடையதாக நிற்கும்.

மூடிய கதவு

2006ஆம் ஆண்டு நெறிமுறை அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் துணை அமைப்புகளுக்கும் உரிமம் மறுத்தது, அது முறையே. ஆயின் செய்தியும் நடப்பு அரசியலும் சார்ந்த நிகழ்ச்சிகளையும் அது விலக்கியது. பின்னர் அகில இந்திய வானொலியிலிருந்து பெற்ற செய்தியை ஒலிபரப்ப மட்டும் இசைவு கிடைத்தது. தனியார் பண்பலைக்கான 2011ஆம் ஆண்டு விதி இன்னும் நுட்பமானது. குடிநீர், மின்சாரம், இயற்கைப் பேரிடர் குறித்த அறிவிப்புகள், உள்ளூர் நிருவாகம் தந்தபடி ஒலிபரப்பப்படுமாயின், செய்தியாகக் கொள்ளப்படா என்று அது கூறுகிறது. தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லலாம். தண்ணீர் வராத காரணத்தைக் கேட்டால் அது செய்தி ஆகிவிடும்.

பாம்பனில் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிய ‘கடல் ஓசை’ மீனவர்க்கென அமைந்த வானொலி. காற்றையும் அலையையும் பற்றி மீனவரே மீனவரிடம் பேசும் நிலையம் அது. மூத்த மீனவரிடம் கடல் மாறியது எப்படி என்று கேட்பது அறியாவினாவின் தூய வடிவம். ஆயின் அக்கடலில் 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் இட்ட எல்லைக்கோடும் இருக்கிறது. கடலுக்குப் போன கணவன் எந்தக் கரையில் இருக்கிறான் என்று ஒரு பெண் கேட்பாளாயின், அக்கேள்வி குடும்பத்தைச் சேர்ந்ததா, பொருளைச் சேர்ந்ததா, அரசியலைச் சேர்ந்ததா? சட்டம் மூன்றாகப் பிரிக்கலாம். அவள் நெஞ்சில் அது ஒன்றே.

தடைக்கு அரசு தரப்பில் கூறப்படும் காரணத்தைப் புறக்கணித்தல் நேர்மையன்று. 1994இல் ருவாண்டாவில் வானொலி வழியே பகை மூட்டப்பட்டது. அதன் விளைவை உலகம் மறக்கவில்லை. ஆயின் அந்நிலையம் ஊரார் நடத்தியதன்று. ஆட்சிக்கு நெருக்கமானோர் 1993இல் தொடங்கியது. அங்கே கேள்வி இருந்ததில்லை. மறுவிடைக்கு இடமும் இருந்ததில்லை. வெறுப்புரையைத் தண்டிக்கச் சட்டங்கள் உள்ளன. நாளேட்டுக்கும் தனியார் தொலைக்காட்சிக்கும் போதுமான அச்சட்டங்கள், 15 கிலோமீட்டர் கேட்கும் வானொலிக்கு மட்டும் ஏன் போதாவாம்? 2013இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கொன்றும் உச்ச நீதிமன்றத்தில் இதே பொருளை எழுப்பியது.

அரசமைப்பின் 73ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின் கிராம சபையில் எவரும் எழுந்து வரவு செலவைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சி சார்பின்றியே நடைபெறுகிறது. ஆண்டில் சில நாள் ஆலமரத்தடியில் நேருக்கு நேர் கேட்கப்படும் அக்கேள்வி, ஒலிவாங்கியின் முன் கேட்கப்படும்போது ஐயத்துக்குரியதாகிறது. எது தகவல், எது அரசியல் என்னும் கோடு தெளிவாக இல்லாத இடத்தில், உரிமத்தை இழக்க அஞ்சும் நிலையம் கோட்டுக்குப் பல அடி இப்பாலேயே நின்றுவிடும். தடை செய்யப்பட்டதைவிடக் கேளாமல் விடப்பட்டதே மிகுதியாகும்.

நன்னூலார் விடைகளுள் மறையையும் ஒன்றாக வைத்தார். ‘செய்யேன்’ என்பதும் விடையே என்று இலக்கணம் ஏற்றுக்கொண்டது. கேள்விக்கு வளையாத விடையையும் விடையென ஏற்ற மரபு இது. கடற்கரை மணலில் கேட்டிருந்தவர், புனேயில் ஐயம் எழுப்பினார். தஞ்சையில் விளைச்சலைச் சொன்னார். மச்சனூரில் தாமே கேள்வி கேட்டார். இன்னும் ஒரு படி எஞ்சியிருக்கிறது. ஊர்ப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியோடு ஊராட்சி அலுவலகத்துக்குச் சென்று, ‘குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை?’ என்று கேட்க, அவர் சொல்லும் விடையை அன்று மாலையே ஊர் முழுவதும் அடுப்படியிலும் திண்ணையிலும் இருந்து கேட்கும் நாள் அது. அக்கேள்வி ஏவலும் அன்று. அறிவைச் சோதிப்பதும் அன்று. அறியாமையால் கேட்கும் எளிய கேள்வி. அதற்குரிய இலக்கணம் தமிழில் நெடுநாளாக இருக்கிறது. உரிமம்தான் இன்னும் வரவேண்டும்.